படகை வாங்காதீர்கள், பையனைத் தடுக்காதீர்கள்

டெக்சஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகனுக்கு 17 வயது, பள்ளியில் கடைசி ஆண்டு. மூன்று வருடமாகப் பள்ளியில், பாஸ் என்ற ஏரி மீனைப் பிடிக்கும் போட்டிக் குழுவில் இருக்கிறான். கணிப்பொறி அறிவியலுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. அதில் ஒன்று வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம், ஆண்டுக்கு 85,000 டாலர் செலவு. பையனோ, "டோர்னமென்ட்டில் மீன் பிடிப்பேன், டிவி ஷோ பண்ணுவேன்" என்கிறான். கோவையிலிருந்து பெரியப்பா போன் செய்து, "மீன் பிடிக்கவா அமெரிக்கா போனீங்க?" என்று கேட்டதில் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். அவனுக்குப் புதுப் படகு வாங்கித் தரலாமா என்றும் ஒரு கேள்வி. "அவனுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள்" என்று கடிதம் முடிகிறது.

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் நாலு வார்த்தையில் இரண்டு உங்களுக்கும் வீட்டம்மாவுக்கும்தான்.

85,000-ஐ நான்கால் பெருக்குங்கள்: 3,40,000 டாலர். அதில் பாதியைக் கடனாக வாங்குவதாகவும் மீதியை ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து எடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பள்ளியில் கணிப்பொறிப் பாடத்தில் அவன் வாங்கியது சி கிரேடு. அதே கடிதத்தில், மூன்று வருடமாக ஏரியின் நீர் வெப்பம், காற்றுத் திசை, மீன் கடித்த ஆழம், எந்த இரைக்குக் கடித்தது என்று தேதிவாரியாக நோட்டுப் போட்டு எழுதுகிறான் என்று குறைபோலச் சொல்லியிருக்கிறீர்கள். யாரும் சொல்லாமல், மதிப்பெண் இல்லாமல் ஒரு பிள்ளை மூன்று வருடம் செய்யும் வேலை அது. பிடிக்காத படிப்புக்கு வீட்டை அடகு வைக்கும் அளவுக்குச் செலவு செய்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதில் பேரமே இல்லை.

பெரியப்பா விஷயத்தையும் நேராகவே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் மீன்பிடித் தொழிலைத் தாழ்வாகப் பேசும் வாய்க்குப் பின்னால் சாதி இருக்கிறது. கடலை நம்பி வாழ்கிற ஆயிரக்கணக்கான குடும்பங்களை இழிவுபடுத்தும் பேச்சு அது. அதை 17 வயதுப் பிள்ளையின் காதில் போடாதீர்கள். "யார் பெண் கொடுப்பார்கள்" என்ற கேள்விக்கு இன்னும் பத்து வருடம் இருக்கிறது, அதுவரை அது உங்கள் வீட்டுக்குள் வரவேண்டியதில்லை.

இனி தொழில். பாஸ் என்பது வட அமெரிக்க ஏரிகளில் வேட்டையாடி வாழும் நன்னீர் மீன். 1967-ல் ரே ஸ்காட் என்பவர் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் நடத்திய போட்டியிலிருந்துதான் இன்றைய பாஸ் போட்டி வளர்ந்தது. இதன் உச்சப் பட்டப் போட்டி பாஸ்மாஸ்டர் கிளாசிக். 1971-ல் மீட் ஏரியில் நடந்த முதல் கிளாசிக்கின் பரிசு 10,000 டாலர். இன்று வெற்றியாளருக்கு 3,00,000. 2025 கிளாசிக் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ரே ராபர்ட்ஸ் ஏரியில் நடந்தது. வென்ற ஈஸ்டன் ஃபாதர்கில் அலபாமாவின் மான்டெவல்லோ பல்கலைக்கழகக் குழுவில் மீன் பிடித்தவர், கல்லூரிப் போட்டி வழியாகத்தான் முதன்முதலில் கிளாசிக்குக்குத் தகுதி பெற்றார். வந்தேறிகளுக்கு இடமில்லை என்று நினைத்தால், ஜப்பானிலிருந்து வந்து இங்கே காரிலேயே படுத்துறங்கி மீன் பிடித்த தகாஹிரோ ஒமோரி 2004-ல் கிளாசிக்கை வென்றதைப் பாருங்கள். ஆனால் காரில் படுத்துறங்கியதையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறேன்.

இப்போது பையனுக்கான வார்த்தை. தம்பி, பரிசுப் பணத்தில் குடும்பம் நடக்காது. பாஸ்மாஸ்டரின் மேல்நிலைத் தொடரான எலைட் தொடரில் சுமார் நூறு பேர் இறங்குவார்கள். இரண்டு நாளுக்குப் பிறகு 50 பேர், கடைசி நாள் 10 பேர். முதல் பரிசு ஒரு லட்சம் டாலர் என்பது ஒருவருக்கு. அந்தத் தொடருக்கு ஏறும் வழியான ஓப்பன் போட்டிகளில் ஒரு போட்டிக்கு நுழைவுக் கட்டணமே 2,000 டாலரை ஒட்டி வரும். முழு வேகத்தில் 250 குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு இருபது காலனுக்கு மேல் பெட்ரோல் குடிக்கும். இழுத்துப் போகும் வண்டியின் டீசல், ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு வார மோட்டல் வாடகை எல்லாம் தனி. இரண்டு போட்டியில் தோற்றாலே கையிருப்பு கரைந்துவிடும்.

நிலைத்து நின்றவர்கள் கேமராவில் பேசத் தெரிந்தவர்கள். 1967-ன் அந்தப் போட்டியில் கலந்துகொண்ட பில் டான்ஸ் 1968-ல் டிவி நிகழ்ச்சி தொடங்கினார். 1980-ல் போட்டிகளிலிருந்து விலகினார், நிகழ்ச்சி தொடர்ந்தது. மேஜர் லீக் ஃபிஷிங் என்ற அமைப்பே 2011-ல் டிவி நிகழ்ச்சியாகத் தொடங்கப்பட்டு, பிறகுதான் முழுநேரப் போட்டித் தொடராக வளர்ந்தது. வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று: பல மீன்பிடி நிகழ்ச்சிகளுக்குச் சேனல் சம்பளம் தருவதில்லை. தயாரிப்பாளர்தான் சேனலுக்குப் பணம் கட்டி நேரத்தை வாங்குகிறார், விளம்பரதாரரைப் பிடித்து அந்தப் பணத்தை மீட்கிறார். ஆகவே இது படப்பிடிப்பும் விற்பனையும் கணக்கும் கலந்த சிறுதொழில். தூண்டில் வீச உனக்குக் கல்லூரி தேவையில்லை. இந்த மூன்றுக்கும் தேவை.

அதனால் நான் சொல்லும் வழி டெக்சஸின் நாகடோச்சஸில் உள்ள ஸ்டீஃபன் எஃப். ஆஸ்டின் அரசுப் பல்கலைக்கழகம். தரவரிசைப் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு உறவினர் யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள். மாநிலத்தவருக்கு வகுப்புக் கட்டணம் ஆண்டுக்கு 11,000 டாலரை ஒட்டித்தான் வரும், தங்கல் சாப்பாடு சேர்த்தாலும் 30,000-க்குள் அடங்கும். மாஸ் கம்யூனிகேஷன் துறை இருக்கிறது. வணிகப் பிரிவில் மார்க்கெட்டிங்கைத் துணைப்பாடமாக எடுக்கலாம். மாணவர்கள் நடத்தும் பாஸ் குழு இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் சாம் ரேபர்ன் ஏரி, 1,14,000 ஏக்கருக்கு மேல். இன்னும் கிழக்கே போனால் லூசியானா எல்லையில் டொலிடோ பெண்ட், 1,80,000 ஏக்கருக்கு மேல். இரண்டும் தேசியப் போட்டிகள் வந்துகொண்டே இருக்கும் ஏரிகள். டென்னசியின் பெத்தல் பல்கலைக்கழகம் போல மீன்பிடிக்கே உதவித்தொகை தருபவையும் உண்டு. பாஸ் மீன்பிடிப்பு, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. சங்கத்தின் விளையாட்டல்ல என்பதால் அந்த உதவித்தொகைக்கு அதன் விதிகள் பொருந்தாது. ஆனால் தனியார் கல்லூரியில் 5,000 தள்ளுபடி கொடுத்து 40,000 வாங்கினால் அது லாபமில்லை. தள்ளுபடியைப் பார்க்காதீர்கள், கழித்த பிறகு கட்டவேண்டிய தொகையைப் பாருங்கள்.

கல்லூரிப் போட்டியில் இரண்டு பேர் ஒரு படகு. நாளுக்கு ஐந்து மீன், மொத்த எடை. செயற்கை இரை மட்டும். பிடித்த மீன்களை உயிரோடு எடை மேடைக்குக் கொண்டுவந்து, எடை போட்டபின் ஏரியில் விட வேண்டும். பழகாதவர் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். செத்த மீன் ஒன்றுக்குக் கால் பவுண்டு வெட்டு. பாஸ்மாஸ்டர் விதிப்படி ஒரு நிமிடம் தாமதத்துக்கு ஒரு பவுண்டு, 15 நிமிடம் தாண்டினால் அன்றைய எடை முழுதும் போச்சு.

டெக்சஸ் கோடையில் மேல்நீர் 85 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, ஐந்து பெரிய மீன்கள் லைவ்வெல் என்ற தொட்டியில் நெருக்கியடித்தால் மதியத்துக்குள் மூச்சுத் திணறும். ஆகவே வெளிநீரை உள்ளே விடுவதை நிறுத்தி, உள்நீரையே சுழலவிட்டு, உறைந்த தண்ணீர் பாட்டிலைப் போட்டு ஏரியைவிட ஐந்தாறு டிகிரி குறைவாக வைக்க வேண்டும். பத்துக்கு மேல் குறைத்தால் திரும்ப விடும்போது மீன் அதிர்ச்சியில் போகும். பாட்டிலாகப் போடுவதற்குக் காரணம், கடை ஐஸில் குளோரின் இருக்கலாம். முப்பது அடி ஆழத்திலிருந்து ஏற்றிய மீனுக்குக் காற்றுப்பை உப்பிப் பக்கவாட்டில் மிதக்கும். மெல்லிய ஊசியால் காற்றை இறக்க வேண்டும். இதை யூடியூபில் பார்த்துச் செய்யாதே, தெரிந்த சீனியர் பக்கத்தில் நின்று காட்டட்டும். இடம் தப்பினால் ஈரலில் குத்தும்.

அடுத்தது கேமரா. எட்டு மணி நேரம் ஏரியில் இருந்தால் கடைசியில் பார்க்கத் தகுந்தது பன்னிரண்டு நிமிடம். மைக் சட்டைக் காலரில் இருந்தால் காற்றுச் சத்தம் மட்டும்தான் பதிவாகும். லைஃப் ஜாக்கெட்டின் உள்பக்கம், மார்புக்கு நடுவில், ரோம உறை போட்டுப் பொருத்த வேண்டும். லென்ஸில் போலரைசிங் ஃபில்டர் இல்லாவிட்டால் தண்ணீர் வெறும் வெள்ளைத் தகடாகத் தெரியும். மீன் கடித்ததும் பிள்ளைகள் எல்லாரும் கத்துகிறார்கள். கத்தலுக்கு விளம்பரதாரர் பணம் தருவதில்லை. மீனை உள்ளே எடுத்த பத்து வினாடிக்குள் இரையைக் கேமராவுக்குக் காட்டி, ஏன் இந்த இடம், ஏன் இந்த வேகம், காற்று மாறியதும் எதை மாற்றினாய் என்று மூன்று வாக்கியத்தில் சொல்லத் தெரிய வேண்டும். உன் நோட்டில் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பது அதுதான், அதை வாயால் சொல்லப் பழகு. எல்லாக் காட்சியையும் அன்றிரவே இரண்டு டிஸ்கில் பிரதி எடுத்து, தேதியும் ஏரிப் பெயரும் போட்டு வை.

இந்தப் படிப்பு முடிந்து போட்டியில் பெயர் வராவிட்டாலும், போட்டிகளின் நேரலைக்குப் படகில் உட்கார்ந்து படம் பிடிப்பவர், எடிட்டர், தூண்டில், படகு நிறுவனங்களின் மார்க்கெட்டிங் ஆட்கள் என்று வேலைகள் இருக்கின்றன. மீன் கடிப்பதற்கு முன்பே கேமராவைத் திருப்பத் தெரிந்த ஆள் இங்கே மதிப்புள்ளவர்.

"ப்ரோ ஸ்டாஃப்" (எங்கள் பொருளைப் பரப்பும் மீன்பிடிப்பாளர்) என்று சொல்லி ஒரு நிறுவனம் சட்டையும் 30 சதவீதத் தள்ளுபடியும் அனுப்பினால் துள்ளிக் குதிக்காதே. தள்ளுபடியில் வாங்கினாலும் வாங்குவது நீதான், சம்பளம் வாங்கவில்லை. பணம் வந்தால் 1099 என்ற வருமானப் படிவம் வரலாம், லாபத்துக்குச் சுயதொழில் வரி 15.3 சதவீதம் கட்ட வேண்டும். பெட்ரோல் ரசீது முதல் எல்லாவற்றையும் வைத்திரு. வருடா வருடம் நஷ்டம் காட்டினால் வரித்துறை இதைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடலாம். இலவசப் பொருள் வாங்கிக்கொண்டு வீடியோ போட்டால் அதை வீடியோவிலேயே தெரியும்படி சொல்வதும் சட்டக் கட்டாயம்.

இந்தக் குடும்பத்துக்குக் கிரீன் கார்டு இருக்கிறது. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதே வழியில் இறங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்தே ஆக வேண்டும். அந்த விசாவில் பிள்ளைக்கு வேலை அனுமதி கிடையாது, 21 வயதில் பெற்றோரைச் சார்ந்த அந்தஸ்தும் முடிகிறது. ஸ்பான்சர் பணத்தை விளையாட்டுப் பரிசு என்று நினைத்து வாங்கி வைத்தால் பின்னால் விசாவுக்கே ஆபத்தாகும்.

ஐயா, எல்லைக்கோடு போடுவது உங்கள் உரிமை, அதைத் தெளிவாகப் போடுங்கள். நான்கு வருடக் கல்லூரிச் செலவு உங்களுடையது. பட்டம் பெறாமல் ஓப்பன் போட்டிக்கு ஒரு டாலர் தர மாட்டோம் என்று இப்போதே சொல்லுங்கள். அவன் 26 வயது வரை உங்கள் மருத்துவக் காப்பீட்டில் இருக்கலாம், அதுவே நல்ல கெடு. அதற்குள் போட்டியும் கேமராவும் சேர்ந்து அவன் செலவை ஈடுகட்டாவிட்டால், பட்டத்தை வைத்து வேலைக்குப் போகட்டும். வார இறுதியில் மீன் பிடிக்கட்டும். இந்த ஒப்பந்தத்தை அவனோடு உட்கார்ந்து எழுதுங்கள், பெரியப்பாவோடு அல்ல.

நீங்கள் கேட்டிருந்த அந்த 21 அடிப் புதுப் படகு, 95,000 டாலர், ஏழு வருடத் தவணை: வாங்கவே கூடாது. கல்லூரி மாணவனுக்கு 17 அல்லது 18 அடி அலுமினியப் படகு, 90 முதல் 115 குதிரைத்திறன் மோட்டார், பழையது போதும். மீனை நேரடியாகத் திரையில் காட்டும் முன்நோக்கு சோனாரும் இப்போது வேண்டாம். 2025 முதல் பாஸ்மாஸ்டர், மேஜர் லீக் ஃபிஷிங் ஆகிய இரண்டு பெரிய அமைப்புகளும் அதற்குக் கட்டுப்பாடு போட்டுவிட்டன, விதி இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது. வரைபடம் பார்த்து ஆழத்தைக் கணிக்கட்டும். பள்ளிப் போட்டிகளில் படகுக்கு ஒரு பெரியவர் தேவை. இந்த வசந்தத்தில் அந்தப் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், கடைசியில் எடை மேடை வரை கூடவே போய்ப் பாருங்கள். 1993 செப்டம்பர் 1-க்குப் பின் பிறந்தவன் என்பதால் படகை அவன் ஓட்ட, டெக்சஸ் படகோட்டிக் கல்விச் சான்றிதழ் வேண்டும்.

பழைய படகு பார்க்கப் போகும்போது ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போய் மோட்டாரின் எல்லா சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் (உள்ளழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடுங்கள். மோட்டார் மாட்டியிருக்கும் பின்பலகையை மோட்டாரோடு மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், பலகை வளைந்தால் உள்ளே மரம் உளுத்திருக்கலாம். ட்ரெய்லர் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு உறுமல் கேட்கிறதா என்று கவனியுங்கள். சூடான ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) தண்ணீருக்குள் இறங்கும்போது சீல் வழியே நீர் உறிஞ்சும், பேரிங் துருப்பிடித்து நடு நெடுஞ்சாலையில் சக்கரம் கழன்றுபோகும். கிரீஸ் போட்ட மாற்று ஹப் ஒன்றும் ஜாக்கும் வண்டியில் எப்போதும் இருக்கட்டும். டெக்சஸில் படகுக்கு ஒரு டைட்டில் (உரிமைச் சான்று), வெளிமோட்டாருக்குத் தனி டைட்டில், ட்ரெய்லருக்குக் கவுன்டி வரி அலுவலகத்தில் வேறு பதிவு. மூன்றிலும் எண்களை நேரில் ஒப்பிட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.