முன்னாடி பூரா கண்ணாடி வேண்டாம் தம்பி: பறவைக் குளத்துப் பக்கத்துல பார்வையாளர் மையம் கட்டும்போது

கேள்வி: சிவில் முடிச்சிட்டு நாங்குநேரியில சின்னச் சின்ன கான்ட்ராக்ட் எடுத்து பண்றேன். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வர்றவங்களுக்காக ஒரு டிரஸ்ட்ல பார்வையாளர் மையம் கட்டணும்னு கேக்குறாங்க. கரையை ஒட்டி 6,000 சதுர அடி, குளத்தைப் பாத்த பக்கம் முழுக்க கண்ணாடி, உள்ள ஏசி, மொட்டை மாடியில சோலார். சோலார் போட்டுட்டா சஸ்டெய்னபிள் பில்டிங், அதாவது சுற்றுச்சூழலைக் கெடுக்காத கட்டடம்னு சொல்லிக்கலாமா சார்?

பதில்: சொல்லிக்கலாம் தம்பி, போர்டுல எழுத யாரு தடுக்கப் போறா. ஆனா கரையை ஒட்டின்னு சொன்னீங்க பாருங்க, அங்கயே பிளான் நின்னுருச்சு. கூந்தன்குளம் ராம்சார் லிஸ்ட்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்கள் பட்டியல்ல இருக்கு. சரணாலயத்துக்குள்ள வனவிலங்குச் சட்டம்தான் பேசும், 2017 ஈரநில விதி அங்க நேரா பொருந்தாது, ஆனாலும் அந்த விதி சொல்ற அளவையாவது மனசுல வச்சுக்குங்க. பத்து வருஷ வெள்ள மட்டத்தோட சராசரிக் கோட்டுல இருந்து 50 மீட்டருக்குள்ள நிரந்தரக் கட்டடமே கூடாது, படகுத்துறைக்கு மட்டும்தான் விலக்கு. சரணாலயத்தைச் சுத்தின பகுதிக்கு வனத்துறை அனுமதி தனிக்கதை, பிளான் வரையிறதுக்கு முன்னாடியே அங்க ஒரு நடை போயிட்டு வந்துருங்க.

விதியை விடுங்க, விதியே இல்லாட்டியும் நான் கரையில கட்டச் சொல்ல மாட்டேன். பஸ் எங்க நிக்குதோ அங்க கட்டுங்க. இன்ஜின் சத்தம், ஹார்ன், சிப்ஸ் பாக்கெட் எல்லாம் அங்கயே நின்னுரும், ஆளுங்க மட்டும் நடந்து கரைக்குப் போவாங்க. கரையில வேணும்னா ஒரு ஓலைத் தட்டி மறைப்பு, அதுல ரெண்டு மூணு ஓட்டை, பெரியவங்க உயரத்துக்கு ஒண்ணு சின்னப் பிள்ளைங்க உயரத்துக்கு ஒண்ணு, அது போதும்.

கண்ணாடி விஷயம். வானமும் மரமும் அதுல அப்படியே தெரியும், பறவைக்கு அது திறந்த வெளி, நேரா வந்து அடிச்சிக்கும். அமெரிக்காவுல மட்டும் கட்டடத்துல மோதி வருஷத்துக்கு 36 கோடிக்கு மேல, 100 கோடி வரைக்கும் சாகலாம்னு கணக்கு போட்டிருக்காங்க. நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு ரிசார்ட்டுக்கு இதே மாதிரி ஏரியைப் பாத்து கண்ணாடிச் சுவர் வச்சோம், முதல் வாரமே மீன்கொத்தி ஒண்ணு கீழ கிடந்துச்சு, நீலம் கூட மங்கல, இன்னைக்கும் கண்ணாடின்னா எனக்கு அதுதான் ஞாபகம். ஜன்னல் வேணும்தான், சின்னதா வைங்க, சன்ஷேடை நல்லா இறக்குங்க. எங்கயாவது பெரிய கண்ணாடி தவிர்க்கவே முடியலன்னா வெளிப்பக்கமா புள்ளி இல்ல கோடு ஒட்டுங்க, ரெண்டு புள்ளிக்கு நடுவுல 5 சென்டிமீட்டருக்கு மேல இடைவெளி இருக்கக்கூடாது. பருந்து ஸ்டிக்கர் ஒண்ணே ஒண்ணு ஒட்டுவாங்களே, அது சும்மா.

அப்புறம் யாரு வரப்போறாங்கன்னு யோசிச்சீங்களா? கேமராவோட வர்றவங்க காலையில ஆறு மணிக்கே வந்து வெயில் ஏறுறதுக்குள்ள கிளம்பிருவாங்க, மிச்சம் பேரு சாயங்காலம். உச்சி வெயில்ல வர்றது ஸ்கூல் பஸ்தான், 50 பிள்ளைங்க ஒரே நேரத்துல இறங்கும், எல்லாத்துக்கும் முதல்ல வேண்டியது பாத்ரூம், அடுத்து தண்ணி, அடுத்து உக்கார நிழல். இதுக்கு எதுக்கு 6,000 சதுர அடி ஏசி ஹால்? அவ்வளவு இடத்துக்கு ஏசி மட்டுமே 30 டன் கிட்ட வரும், அந்த லோடுக்கே மாடியில பெரும் பகுதி பேனல் போயிரும். 2,000 சதுர அடியில ஒரு ஹால், அதைச் சுத்தி அகலமா தாழ்வாரம், தாழ்வாரம் முழுக்க திண்ணை, படம் எல்லாம் அந்தச் சுவத்துலயே மாட்டலாம். நீளப் பக்கம் வடக்கு தெற்கு பாக்கட்டும், மேக்குப் பக்கம் ஸ்டோர் ரூமைத் தள்ளுங்க, வெயிலை அது வாங்கிக்கும். கரண்ட் கம்மியா இழுக்குற 30 வாட்ஸ் பிஎல்டிசி ஃபேன் ஒரு டஜன், எல்இடி லைட்டு, ஒரு புரொஜெக்டர், 2 கிலோவாட் சோலாருக்குள்ள அடங்கிரும், நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் ஒரு நாளைக்கு 4 யூனிட் கிட்ட தரும்.

ஆனா சோலார்ல இந்த ஊருக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. கூந்தன்குளத்துல மஞ்சள் மூக்கு நாரை குளத்து மரத்துல மட்டுமா கூடு கட்டுது, வீட்டுக் கொல்லையில நிக்கிற வேப்ப மரம் புளிய மரத்துலயும் கட்டுது, எச்சம் மழையா கொட்டும். மரத்துக்குக் கீழ பேனல் வச்சா வெள்ளையடிச்ச மாதிரி ஆயிரும், ஒரு பேனல் மறைஞ்சாலும் அந்த வரிசையில வர்ற கரண்ட் குறைஞ்சிரும். அதுக்காக மரத்துல கை வச்சிராதீங்க, பேனலை வெட்ட வெளியில ஸ்டாண்ட் போட்டு வைங்க, கை எட்டுற உயரத்துல இருந்தா வாட்ச்மேன் வாரம் ஒருக்கா கழுவி விடுவாரு.

மழைத்தண்ணியும் இதே கதைதான். 300 சதுர மீட்டர் ஓட்டுக் கூரை, வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் மழைன்னு வச்சுக்கிட்டா, சிந்தினது ஆவியானது போக 1,44,000 லிட்டர் தேறும். நல்ல கணக்குதான், ஆனா எச்சம் பட்ட கூரைத் தண்ணியைக் குடிக்கக் கொடுக்காதீங்க, பாத்ரூமுக்கும் தரை கழுவவும் விடுங்க, குடிதண்ணிக்கு தனி லைன்.

பாத்ரூம் தண்ணி வெளிய போறதுலதான் பெரும்பாலான "பசுமைக் கட்டடம்" கோட்டை விடுது. ரெண்டு உறிஞ்சு குழி தோண்டிட்டு முடிஞ்சுதுன்னு போயிருவாங்க, குளத்துப் பக்கத்துல நிலத்தடித் தண்ணி மேலயே நிக்கும், மழைக்காலத்துல குழியில கிடக்குறது நேரா குளத்துக்குத்தான். பறவை எச்சம் கலந்த குளத்துத் தண்ணி வயலுக்கு உரம்னு ஊர்க்காரங்க சந்தோஷமா பாய்ச்சுறாங்க, நம்ம கழிவு அப்படி இல்லையே, அதுல நோய்க்கிருமி வரும். அதனால கசியாத செப்டிக் டேங்க், அடுத்து தடுப்புத் தடுப்பா ஒரு தொட்டி, அடுத்து ஜல்லி நிரப்பி கல்வாழை நட்ட படுகை, கடைசியில வர்ற தண்ணி செடிக்கு. மோட்டார் இல்லாமலே சரிவுல ஓடுற மாதிரி வைக்கலாம். எஸ்டிமேட்ல காசு குறைக்கச் சொன்னா ஹாலைக் குறைங்க, இதைத் தொடாதீங்க.

சுவருக்கு செம்மண் நல்லதா கிடைச்சா அழுத்தி எடுக்குற மண் கட்டி போடுங்க, சூளை வேண்டாம், சிமெண்ட் 5 சதவீதம் போதும். ஆரோவில் விசிட்டர்ஸ் சென்டர் 1,200 சதுர மீட்டரும் இந்தக் கட்டியிலதான் நிக்குது, 1992-ல முடிச்சாங்க, ஒரு தடவை போய் தொட்டுப் பாத்துட்டு வாங்க. மண்ணைக் குளத்துல இருந்து அள்ளிராதீங்க, கரிசல் மண்ணும் ஆகாது, வெயில்ல வெடிக்கும்.

ராத்திரி வெளி லைட்டு மஞ்சளா, கீழ மட்டும் விழுற மாதிரி, ஏழு மணிக்கு ஆஃப். ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம், தீபாவளிக்கே வெடி போடாத ஊரு அது. வேலைக்கும் அந்த ஊர் ஆளுங்களையே எடுங்க, கூட்டுல இருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளத்து விடுறவங்களுக்கு நீங்க டிரெய்னிங் கொடுக்க வேண்டியதில்ல.

நாரைங்க டிசம்பர் ஜனவரியில வந்து ஜூன் ஜூலை வரைக்கும் இருக்கும், அதனால ஜேசிபி வேலையை ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு செப்டம்பருக்குள்ள முடிச்சிருங்க, மண் கட்டியையும் அப்பவே போட்டுட்டீங்கன்னா நாலு வாரம் நனைச்சு எடுக்கவும் மழைக்கு முன்னாடி அடுக்கி மூடவும் நேரம் சரியா இருக்கும்.