"உன்னை ஆர் கதைக்கச் சொன்னது?"

கேள்வி:

எனக்கு 35 வயது. கிளிநொச்சியில் இருக்கிறேன். என் சிநேகிதியின் அம்மப்பா 1977 தமிழர் எதிர்ப்புக் கலவரத்துக்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர். அவள் பிறந்தது இங்கேதான். 2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாமில் எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே கூடாரத்தில் கிடந்தோம். ஒரு வாளித் தண்ணீரில் இருவரும் முகம் கழுவியிருக்கிறோம்.

போன மாதம் மாதர் சங்கக் கூட்டம். வாழ்வாதார உதவிக்குப் பெயர் எடுத்தார்கள். அவளின் பெயர் வந்ததும் எனக்குப் பெரியம்மா முறையான ஒருவர், "தோட்டக்காட்டுச் சனத்துக்கு எவ்வளவு குடுத்தாலும் காணாது" என்றா. அவள் அப்போதுதான் தேத்தண்ணித் தட்டத்தோடு உள்ளே வந்தாள். எனக்குக் கொதித்துவிட்டது. எழும்பி, "பாவம் அதுகள், எல்லாத்தையும் விட்டிட்டு வந்த சனம். இப்பிடிக் கதைக்க வெக்கமில்லையோ?" என்று கத்திவிட்டேன். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். தட்டத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பிறகு போன் எடுத்தால், "உன்னை ஆர் கதைக்கச் சொன்னது?" என்று மட்டும் கேட்டாள். அதோடு கதையில்லை. சொந்தக்காரரும் முகம் கொடுப்பதில்லை. அவளுக்காகத்தானே கதைத்தேன்? நன்றி வேண்டாம், கோபப்படாமலாவது இருக்கலாமே.

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

எழும்பியதற்காக வருந்தாதீர்கள். அதே சொல்லை உங்கள் சிநேகிதி தட்டிக்கேட்டிருந்தால், "இவவுக்கு எல்லாத்துக்கும் முறைப்பாடு" என்று முடித்திருப்பார்கள். இழிசொல்லுக்கு ஆளாகாத ஒருவர் கேட்டால் சொன்னவருக்கு எரிச்சல் குறைவாகவும் குற்றவுணர்வு கூடுதலாகவும் வருவதை, 2003இல் சொப், மொன்ரீத் என்ற அமெரிக்க ஆய்வாளர்களும் கண்டிருக்கிறார்கள். உங்கள் வாய்க்கு அந்தச் சபையில் ஒரு பெறுமதி உண்டு.

ஆனால் என்ன சொன்னீர்கள்? "பாவம் அதுகள்." நம் பேச்சில் 'அதுகள்' சின்னப் பிள்ளைகளுக்குச் செல்லம். வளர்ந்த மனுஷிக்கு அது செல்லமில்லை. பெரியம்மா அவளைத் தள்ளி வைத்தா. நீங்கள் அணைத்தபடியே ஒரு படி கீழே இருத்தினீர்கள். அதோடு, எல்லாத்தையும் விட்டிட்டு வந்தவர் அவளின் அம்மப்பா. அவள் எங்கிருந்தும் வரவில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. நாடற்றவர்களாகவே எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல்தான். அப்படிப்பட்ட வீட்டில் 'வந்த சனம்' என்ற சொல் எப்படிக் கேட்கும் என்று ஒருக்கால் யோசியுங்கள்.

மேல்நிலையில் இருக்கும் குழு செய்யும் உதவி சிலவேளை அந்த மேல்நிலையைக் காப்பாற்றவும் பயன்படுகிறது என்கிறார் ஆரி நாட்லர் என்ற உளவியலாளர். வாங்குபவருக்கு அது விளங்கும். அதனால்தான் உதறுவார். நன்றி வேண்டாம் என்கிறீர்கள்; கொஞ்சம் வேண்டித்தான் இருந்தது, இல்லையா? அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கணக்கை அவளிடம் தீர்க்கப் போகாதீர்கள். சொந்தக்காரரின் கோபத்தையும் அவளிடம் சொல்லி அழவேண்டாம்.

வீட்டுக்குப் போங்கள், போனில் வேண்டாம். "அண்டைக்கு உன்னை 'அதுகள்' எண்டிட்டன். பிழை" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். 'நல்லதுக்குத்தான்' என்று தொடங்கினால் எல்லாம் கெட்டுவிடும். இனி யாராவது அப்படிச் சொன்னால் நீங்கள் கேட்கவா, அவள் பார்த்துக்கொள்வாளா என்று அவளையே கேளுங்கள். உடனே பதில் வராது. கூடாரத்துப் பழைய கதையையும் இழுக்கவேண்டாம். அங்கே இருவருக்கும் ஒன்றுமில்லை, அதனால் சமமாக இருந்தீர்கள்.

கடிதத்தில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: தேத்தண்ணித் தட்டம். தன் பெயர் வாசிக்கப்படும்போது அவள் ஏன் குசினியில் நின்றாள்? உங்கள் சங்கத்தில் தேத்தண்ணி ஊற்றுவது யார், கதிரையில் இருந்து குடிப்பது யார்? அடுத்த கூட்டத்துக்கு அரை மணித்தியாலம் முந்திப் போய்க் கேத்திலை நீங்கள் அடுப்பில் வையுங்கள். பெரியம்மாவுக்கும் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். "ஏன் பிள்ளை நீ?" என்று கேட்பா. அப்போது கதைக்கலாம், கத்தாமல்.