‘யூதர்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? அப்படிச் சொல்வது மரியாதைக் குறைவா?

யூத மதத்தையோ யூத மரபையோ சேர்ந்தவர் யூதர். மதமும் வம்சமும் இதில் பின்னிக் கிடக்கின்றன. அதனால் கடவுள் நம்பிக்கை இல்லாத யூதரும் உண்டு, மதம் மாறி யூதரானவரும் உண்டு.

பெயரின் வேர் யூதா. வேதாகமக் கதைப்படி இவர் யாக்கோபின் பன்னிரண்டு மகன்களில் ஒருவர். அவர் பெயரில் ஒரு குலம், அப்புறம் எருசலேமைத் தலைநகராகக் கொண்ட ஒரு நாடு. வடக்கே இருந்த இஸ்ரேல் அரசு கி.மு. 722 வாக்கில் அசீரியரிடம் வீழ்ந்தது, மிஞ்சியது யூதாதான். கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் அதையும் அழித்து, மக்களில் பலரைச் சிறைபிடித்துப் போனார்கள். நாடு போனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. தாத்தா காலத்திலேயே சென்னைக்கு வந்துவிட்ட குடும்பத்தை இன்னும் ‘திருநெல்வேலிக்காரங்க’ என்கிறோமே, அந்த மாதிரி.

எபிரேயத்தில் அவர்களே தங்களை ‘யெஹூதி’ என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். ஆகவே சொல்லில் குற்றமில்லை. ‘யூதன்’ என்பதைவிட ‘யூதர்’ நல்லது, அவ்வளவுதான். கஞ்சத்தனத்துக்கும் வட்டிக்கும் அதை அடைமொழி ஆக்குவதுதான் வசை. ஐரோப்பாவின் பழைய வெறுப்பு அதில் அப்படியே இருக்கிறது.

யூதர் என்றாலே இஸ்ரேல்காரர் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இஸ்ரேல் குடிமக்களில் சுமார் ஐந்தில் ஒருவர் அரபு மக்கள், கொச்சி மட்டாஞ்சேரியிலோ 1568-இல் கட்டிய யூத ஜெபாலயம் இன்றும் நிற்கிறது.