அகதாவின் தந்தை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

ஸ்காட்லாந்து அரசி மார்கரெட்டைப் பற்றி நீங்கள் ஓர் உரையில் சொன்னதைக் கேட்டது முதல் ஐரோப்பிய அரச குடும்பங்களின் கொடிவழிகளில் மூழ்கிக் கிடக்கிறேன். மார்கரெட்டின் முன்னோர்களை ஏழு தலைமுறைக்கு வரைந்திருக்கிறேன். தந்தை எட்வர்டின் வழியில் இங்கிலாந்தின் பழைய வெசெக்ஸ் அரசர்கள் தடையில்லாமல் கிடைத்தார்கள். தாய் அகதாவிடம் வந்ததும் மூன்று இரவுகள் நகர முடியவில்லை. இணையத்தில் நான் பார்த்த ஆறு வம்சாவளிகளில் நான்கு, அவரைக் கீவ் அரசர் யாரோஸ்லாவின் மகள் என்கின்றன. ஒன்று ஜெர்மானியப் பேரரசரின் உறவினர் என்கிறது. இன்னொன்று ஹங்கேரி அரசர் ஸ்டீபனின் மகள் என்கிறது. பெரும்பான்மை கீவ் பக்கம் இருந்ததால் அதையே ஏற்று, யாரோஸ்லாவின் மனைவி வழியாக ஸ்வீடன் அரசர் ஓலோஃப் வரை கொண்டுபோய்விட்டேன். இது சரிதானா? இந்தப் பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுவது, கொடிவழி வரைய எந்த மென்பொருள் நல்லது, ஐரோப்பியர் எல்லோரும் சார்லமேனின் வழிவந்தவர்கள் என்பது உண்மையா என்பதையும் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ச.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நானும் அகதாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய காகிதக் கட்டுகளை ஒழித்தபோது நீல நிற இன்லண்ட் கடிதம் ஒன்று கையில் கிடைத்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் சிறியவற்றை முடித்துவிடலாம். மென்பொருள் பற்றி என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. நான் இன்றும் பென்சிலால் வரைகிறவள். பெயர்களைத் தமிழ் நாக்குக்கு இடறாமல் எழுதுங்கள். எப்படி எழுதினாலும் முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை ஒரே மாதிரி எழுதுங்கள். சார்லமேன் விஷயம் வெறும் கணக்கு. 1,200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து, இன்றுவரை வழி அறுந்துபோகாத எவரும் இன்றைய ஐரோப்பியர் ஏறக்குறைய அனைவருக்கும் மூதாதையே. அரசனுக்கும் அவன் குதிரைக்காரனுக்கும் அதில் வேறுபாடு கிடையாது.

இனி அகதா. ஒரு பெண்ணின் தகப்பன் யார் என்பதைக் கைதூக்கச் சொல்லி எண்ணித் தீர்மானிக்கலாம் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? நான்கு வம்சாவளிகள் ஒன்றையே சொல்வதால் நான்கு சாட்சிகள் கிடைத்துவிட்டதாக நினைத்துவிட்டீர்கள். ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டிருந்தால் நான்கும் சேர்ந்து ஒரு சாட்சிதான். அந்த ஒரு சாட்சியும் அகதாவைப் பார்த்ததில்லை. 1990களில் ஆய்விதழ்களில் வலுவாக முன்வைக்கப்பட்ட ஒரு வாதத்தைத்தான், அதன் ‘இருக்கலாம்’களை நீக்கிவிட்டு, உங்கள் பட்டியல்கள் சொல்கின்றன. வாதம் நல்ல வாதம். நீக்கியதுதான் குற்றம்.

உண்மையான சாட்சிகள் மிகச் சிலர். அவர்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். இங்கிலாந்தில் ஆண்டுவாரியாக எழுதப்பட்ட ஆங்கிலோ-சாக்சன் நாளாகமத்தின் ஒரு படி, 1057ஆம் ஆண்டுக் குறிப்பில் அகதாவைப் ‘பேரரசரின் உறவினள்’ என்கிறது; 1067ஆம் ஆண்டுக் குறிப்பில் மார்கரெட்டின் தாய்வழி, ரோமை ஆண்ட பேரரசர் ஹென்றி வரை போகிறது என்கிறது. எந்த ஹென்றி, இரண்டாமவரா மூன்றாமவரா என்று சொல்லவில்லை. வூஸ்டரைச் சேர்ந்த ஜான் என்ற துறவி இன்னும் நெருங்கி, ‘பேரரசர் ஹென்றியின் உடன்பிறந்தானின் மகள்’ என்று எழுதினார். ஆனால் மூன்றாம் ஹென்றி தம் பெற்றோருக்கு ஒரே மகன். இரண்டாம் ஹென்றியின் தம்பி புரூனோ, ஆக்ஸ்பர்க் நகரத் திருச்சபையின் ஆயர்; அவருக்கு முறையான மகள் இருக்க இடமில்லை. ஆகவே மூன்றாம் ஹென்றியின் தாய் கிசெலாவுக்கு முந்தைய திருமணத்தில் பிறந்த லியூடோல்ஃப் என்பவரைச் சிலர் கொண்டுவருகிறார்கள். நார்மண்டியில் வாழ்ந்த துறவி ஆர்டெரிக் விட்டாலிஸ், அகதாவை ஹங்கேரி அரசர் சாலமனின் மகள் என்று எழுதினார். சாலமன் அரியணை ஏறியது 1063இல். பிறந்தது 1053 வாக்கில். அகதாவின் மகள் மார்கரெட்டோ 1045ஐ ஒட்டியே பிறந்துவிட்டாள். இந்த ஒருவரை மட்டும் தயங்காமல் அடித்துவிடலாம். மால்ம்ஸ்பரியைச் சேர்ந்த துறவி வில்லியம், அகதா ஹங்கேரி அரசியின் சகோதரி என்கிறார். எந்த அரசி என்பதை அவர் சொல்லவில்லை.

ஸ்டீபனின் மகள் என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. ஸ்டீபனின் மகன் இம்ரே 1031இல் வேட்டையில் இறந்தார். 1038இல் ஸ்டீபன் இறந்தபோது நாடு அவருடைய சகோதரியின் மகன் பீட்டரிடம் போயிற்று. அதன்பின் ஆண்டுக்கணக்கில் சண்டை. மணமான ஒரு மகளும் அவளுக்கு ஆங்கிலேய அரசகுலத்துக் கணவனும் அங்கே இருந்திருந்தால், அந்தச் சண்டையில் யாராவது ஒருவர் அவர்களைக் கொடியாகத் தூக்கிப் பிடித்திருப்பார்கள் என்றே நான் எண்ணுகிறேன்.

கீவ் வாதத்தின் கவர்ச்சி எனக்கும் தெரியும். யாரோஸ்லாவின் மகள் அனஸ்தாசியா, 1046இல் ஹங்கேரி அரசரான ஆண்ட்ராஷின் மனைவி. வில்லியம் சொன்ன அரசி இவள்தான் என்று கொண்டால் அகதா கீவ் இளவரசியாகிவிடுகிறாள். அப்போது அவளுடைய ஒரு சகோதரி நார்வே அரசர் ஹரால்டின் மனைவி, இன்னொருத்தி அன்னா, 1051இல் பிரான்சின் முதலாம் ஹென்றியை மணந்தவள். அகதா என்ற கிரேக்கப் பெயர் அன்றைய மேற்கு ஐரோப்பிய அரச குடும்பங்களில் அரிது. அன்னாவும் தன் மகனுக்கு ஃபிலிப் என்ற கிரேக்கப் பெயரைத்தான் வைத்தாள். இதற்கு மேல் ஒன்று இருக்கிறது, அதைக் கண்டால் உங்கள் கை துடிக்கும்: 1074இல் அதே ஃபிலிப், பிரான்சின் அரசராக, அகதாவின் மகன் எட்கருக்கு மாண்ட்ரூய் கோட்டையைத் தர முன்வந்தார். பெரியம்மா மகனோ சித்தி மகனோ என்று நீங்கள் உடனே கோடு போட்டுவிடுவீர்கள். பொறுங்கள். எட்கர், வெற்றி வீரர் வில்லியம் பறித்துக்கொண்ட ஆங்கிலேய அரியணையின் உரிமையாளன். ஃபிலிப்போ அந்த வில்லியமின் பகைவர். உறவு இல்லாமலே அந்தக் கோட்டைக்குக் காரணம் போதும். அந்தச் செய்தியைச் சொல்லும் நாளாகமம் உறவு எதையும் சொல்லவில்லை. பிரெஞ்சு அரச குடும்பத்தை நன்கறிந்த ஆர்டெரிக், அகதா பிரான்ஸ் அரசியின் உடன்பிறந்தவளாக இருந்திருந்தால் அதை விட்டுவிட்டுச் சாலமனைத் தேடிப் போயிருப்பாரா?

இன்னொரு சாட்சியையும் கேளுங்கள். கீவ் பக்கத்தார் முதலில் அழைப்பது இவரைத்தான். ஆங்கிலேய அரசர் எட்வர்ட் கன்ஃபெசரின் சட்டங்கள் என்ற பெயரில் 12ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட நூல், அகதாவின் கணவன் எட்வர்ட், கீவைத் தலைநகராகக் கொண்ட ருஸ் நாட்டுக்கு ஓடினான், அந்நாட்டு அரசன் அவனை மரியாதையோடு வைத்துக்கொண்டான், எட்வர்ட் அங்கே உயர்குலத்துப் பெண் ஒருத்தியை மணந்தான் என்கிறது. அரசனைப் பெயரோடு குறிப்பிடுகிற அந்த நூல், மணமகளை அவனுடைய மகள் என்று சொல்லவில்லை. சொல்ல எல்லா வாய்ப்பும் இருந்த இடத்தில், ‘உயர்குலத்துப் பெண்’ என்று நிறுத்திக்கொள்கிறது. நீங்களோ அந்த இடத்தில் நிற்காமல் ஓலோஃப் வரை ஓடியிருக்கிறீர்கள்.

ஐயத்துக்கு இடமில்லாத யாரோஸ்லாவின் மகள் எப்படி இருப்பாள் என்று பார்க்க வேண்டுமானால் அன்னாவைப் பாருங்கள். 1063இல் சுவாசோன் மடத்துக்கு வழங்கிய சாசனத்தில் ‘அரசி அன்னா’ என்று சிரிலிக் எழுத்தில் அவள் இட்ட கையொப்பம் இன்றும் இருக்கிறது. கணவன் நாட்டின் மொழியை, தந்தை நாட்டின் எழுத்தில் எழுதிய கை அது. அகதாவுக்கு அப்படி ஒரு கீறல்கூட இல்லை.

இப்போது அந்த நீலக் கடிதத்துக்கு வருகிறேன். ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுபத்திரிகையில் மார்கரெட்டைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். நூலகத்தில் இருந்த ஆங்கில வரலாற்று நூலின் பின்பக்கத்தில் ஒரு கொடிவழிப் படம் இருந்தது. அதில் மற்றவர்களை எல்லாம் முழுக்கோடு இணைத்தது. அகதாவை ஹங்கேரியின் ஸ்டீபனோடு புள்ளிக்கோடு இணைத்தது. அதைக் கட்டுரைக்காக மையில் வரைந்தபோது நானே அந்தப் புள்ளிகளைச் சேர்த்து ஒரே கோடாக இழுத்தேன். அச்சில் புள்ளிகள் தெளிவாக விழாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் முழுக்கோடு பார்க்க அழகாக இருந்தது. புனிதர் ஸ்டீபனின் பேத்தி புனிதர் மார்கரெட் என்று ஒரு வாக்கியம் எழுத எனக்கு ஆசையாக இருந்தது. எழுதினேன். இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு கல்லூரி மலரில் வேறொருவர் அதே வாக்கியத்தை என் கட்டுரையைச் சான்று காட்டி எழுதியிருந்தார். அதைப் படித்த ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் எனக்கு அந்த இன்லண்ட் கடிதத்தை அனுப்பினார். வசை ஒரு சொல் இல்லை. ‘மூல நூலைப் பார்த்தேன் அம்மா, அந்தப் புள்ளிகள் எங்கே போயின?’ என்று மட்டும் கேட்டிருந்தார். அவருக்கு நான் பதில் எழுதவே இல்லை. வெட்கத்தால் நாள் கடத்தினேன். பிறகு அவர் காலமான செய்தி வந்தது. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தம்பி, புள்ளிக்கோடு என்பது வரைந்தவரின் சோம்பல் அல்ல. இதுவரை சான்று உண்டு, இதற்கு மேல் ஊகம் என்று பார்ப்பவருக்குக் கண்ணால் காட்டும் ஒரே வழி அது. அதை முழுக்கோடாக மாற்றுகிறவர், பெயர் தெரியாத ஒரு தகப்பனை அழித்துவிட்டு அந்த இடத்தில் புகழ்பெற்ற ஒருவரை உட்கார வைக்கிறார். அகதாவுக்கு நிச்சயமாக ஒரு தகப்பனும் தாயும் இருந்தார்கள். அவர்கள் யாரோஸ்லாவும் அவர் மனைவி இங்கிகெர்டுமாக இல்லாமல் இருந்தால், நீங்கள் அந்த உண்மையான இருவரையும் இரண்டாவது முறை இல்லாமல் ஆக்குகிறீர்கள்.

‘தெரியவில்லை’ என்று எழுத நம் கைக்கு ஏன் இவ்வளவு தயக்கம்? நாளாகமத்தின் 1057ஆம் ஆண்டுக் குறிப்பை எழுதிய துறவிக்கு அந்தத் தயக்கம் இருக்கவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோதே க்னூட் அரசரால் நாடு கடத்தப்பட்ட எட்வர்ட், நாற்பது வயதில் மனைவி மக்களோடு இங்கிலாந்துக்குத் திரும்பி வந்து, தன்னை வரவழைத்த அரசரைப் பார்க்காமலே சில நாட்களில் இறந்துபோனான். உறவினரான அரசரை அவன் காண முடியாதபடி ஆனது எதனால் என்று நமக்குத் தெரியவில்லை என்று அந்தத் துறவி எழுதினார். விஷம் என்றோ சதி என்றோ எழுத அவருக்கு எவ்வளவு இடம் இருந்தது! புலம்புகிறார், ஆனால் இட்டு நிரப்பவில்லை.

அந்தச் சாவுக்குப் பின் அகதாவைப் பாருங்கள். இதற்கு ஊகம் வேண்டியதில்லை. மொழி தெரியாத நாட்டில் மார்கரெட், கிறிஸ்டினா, எட்கர் என்று மூன்று குழந்தைகளோடு நின்றாள். 1066இல் மகனை அரசனாகத் தேர்ந்தார்கள். முடி சூட்டுவதற்குள் வில்லியம் வந்துவிட்டார். குழந்தைகளை அழைத்துக்கொண்டு வடக்கே ஸ்காட்லாந்தில் புகலிடம் தேடினாள். அங்கே அரசர் மால்கமை 1070ஐ ஒட்டி மணந்த மார்கரெட்டின் மகன்கள் மூவர் ஒருவர்பின் ஒருவராக ஸ்காட்லாந்தை ஆண்டார்கள். அகதாவின் பேத்தி, மார்கரெட்டின் மகள் ஈடித்தை 1100 நவம்பர் 11 அன்று இங்கிலாந்தின் முதலாம் ஹென்றி மணந்தபோது, மணமகள் இங்கிலாந்தின் முறையான அரச குலத்தவள் என்று நாளாகமம் பெருமையோடு குறித்தது. இன்றைய ஆங்கிலேய அரச குடும்பத்துக்கு வெசெக்ஸ் இரத்தம் போய்ச் சேர்ந்தது இந்தப் பெண்கள் வழியாகத்தான். அந்தத் திருமணத்துக்கு முன் ஈடித் கன்னித்துறவியா என்ற கேள்வி எழுந்தது. பெரியம்மா கிறிஸ்டினா தன் தலையில் கறுப்பு முக்காட்டை வலிந்து போட்டதாகவும், அவள் கண் மறைந்ததும் தான் அதைத் தரையில் வீசி மிதித்ததாகவும் ஈடித் பேராயர் ஆன்செல்மிடம் சொன்னாள். (கிறிஸ்டினா அக்காவா தங்கையா என்று நாளாகமம் சொல்லவில்லை, பெரியம்மா என்பது நம் மொழி கேட்கும் சொல், உங்கள் படத்தில் அதையும் முடிவாக்கிவிடாதீர்கள்.) அகதாவின் மகளும் பேத்தியும் ஒரே அறையில் உயிரோடு சண்டையிடும் இந்தக் காட்சி உங்கள் ஏழு தலைமுறைப் படத்தில் எங்கே இருக்கிறது? ஓலோஃப் வரை மேலே ஏறிய நீங்கள் ஒரு படி கீழே இறங்கிப் பார்க்கவில்லை.

மார்கரெட் தன் முதல் நான்கு மகன்களுக்கு எட்வர்ட், எட்மண்ட், எத்தல்ரெட், எட்கர் என்று தன் தந்தையின் குலத்துப் பெயர்களை வைத்தாள். அடுத்த இருவர் அலெக்சாண்டர், டேவிட். மகள்கள் ஈடித்தும் மேரியும். எட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்கும் பாட்டி அகதாவின் பெயர் இல்லை. இதிலிருந்தும் எதையும் ஊகித்துவிடாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

மூன்று இரவுகள் ஒரு பெண்ணுக்காக விழித்திருக்கிறீர்கள். அந்த அக்கறை அரிது, அதனால்தான் இவ்வளவு கடிந்துகொண்டேன். யாரோஸ்லாவிலிருந்து மேலே உள்ளவற்றைத் தனித் தாளுக்கு மாற்றுங்கள். அகதாவின் கட்டத்துக்குப் பக்கத்தில் நாளாகமம், ஜான், ஆர்டெரிக், வில்லியம், சட்டத் தொகுப்பு ஆகிய ஐந்தும் என்ன சொல்கின்றன என்பதை ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். படத்தை எனக்கு அனுப்புங்கள். அந்தக் கட்டத்துக்கு மேலே இடம் விட்டிருக்கிறீர்களா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
அம்மா