யார் காதில் விழுந்தது?

அன்புள்ள ஐயா,

ஹாம் ரேடியோ லைசென்ஸ் கிடைத்து ஆறு மாதம் ஆகிறது. தூர நாட்டு நிலையங்களைப் பிடிக்க டிஎக்ஸ் கிளஸ்டரைப் பார் என்கிறார்கள் எல்லாரும்; கேட்டவர்கள் மற்றவர்களுக்காகப் போடும் இணையப் பட்டியல் அது. யார், எந்த அலைவரிசையில் இருக்கிறார் என்று உடனுக்குடன் அதிலேயே வந்துவிடுகிறது. இது பரீட்சையில் பிட் அடிப்பது மாதிரி இல்லையா? இன்னொன்று, அது சொன்ன இடத்துக்குப் போனால் பாதி நேரம் எனக்கு வெறும் இரைச்சல்தான்.

ஒரு வாசகர், தென்காசி

அன்புள்ள நண்பருக்கு,

பிட் கையில் இருந்தும் விடை எழுத முடியவில்லை என்கிறீர்கள். அப்புறம் அது என்ன பிட்?

கிளஸ்டரில் வரும் ஒரு வரியை நிதானமாகப் பாருங்கள். அந்த வரிக்கு ஸ்பாட் என்று பெயர். அதைப் போட்டவரின் கால் சைன் (நிலையத்தின் அடையாள எழுத்துகள்), கிலோஹெர்ட்ஸில் அலைவரிசை, அவர் காதில் விழுந்த நிலையத்தின் கால் சைன், ஒரு சின்னக் குறிப்பு, கடைசியில் யுடிசி என்ற உலகப் பொது நேரம். 1312 என்றிருந்தால் நமக்கு மாலை 6.42. புதிதாக வருகிறவர்கள் நேரே அலைவரிசைக்கு ஓடிவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது போட்டவர் யார் என்பதை. போட்டவர் ஃபின்லாந்துக்காரர் என்று வையுங்கள். வானத்தின் மேலடுக்கான அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை அங்கே இறங்கியது என்றால் தென்காசியிலும் இறங்க வேண்டும் என்று சட்டமில்லை. அதையே ஒரு பெங்களூர்க்காரரோ கொழும்புக்காரரோ போட்டிருந்தால் சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடலாம்.

குறிப்பையும் விடாதீர்கள். 'அப் 2' என்றிருந்தால் அந்த நிலையம் தான் பேசும் இடத்தில் கேட்பதில்லை, 2 கிலோஹெர்ட்ஸ் மேலே கேட்கிறது என்று பொருள். தெரியாமல் அதன் தலைமேலேயே கூப்பிட்டால் நாலு திசையிலிருந்தும் 'அப், அப்' என்று திட்டு விழும். நானும் வாங்கியிருக்கிறேன்.

இந்த வழக்கம் இன்டர்நெட்டோடு வந்ததில்லை. அபூர்வமான தீவு ஒன்று கேட்டால் நடுராத்திரியில் போன் போட்டு எழுப்புவதும், கிட்டத்தில் இருப்பவர்களோடு பேசும் விஎச்எஃப் அலைவரிசையில் சொல்வதும் முன்பே உண்டு. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் டிக் நியூவெல் 'பேக்கெட் கிளஸ்டர்' என்ற மென்பொருளை எழுதினார். கம்ப்யூட்டர்கள் ரேடியோ வழியாகவே இந்த வரிகளைக் கைமாற்றிக்கொண்டன. இன்டர்நெட் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது.

சரி, பிட்டை நம்பி நான் ஏமாந்த கதை. ஒரு மாலை, மோர்ஸில் ஒரு தாய்லாந்து நிலையம் என்று ஸ்பாட் வந்தது. தாய்லாந்தை ஏற்கெனவே பலமுறை பிடித்தாயிற்று, காபி போடப் போய்விட்டேன். திரும்பி வந்தால் யாரோ திருத்திப் போட்டிருக்கிறார்: தான்சானியா! கால் சைனில் தாய்லாந்தின் முன்னெழுத்து எச்எஸ், தான்சானியாவுடையது 5எச். மோர்ஸில் 5 என்பது ஐந்து புள்ளி, எச் நான்கு, எஸ் மூன்று. சிக்னல் மங்கும்போது ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி விழுங்கப்பட்டால் 5எச், எச்எஸ் ஆகிவிடும். முதலில் போட்டவருக்கு அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும். இடையில் அங்கே போன சிலர் காதை நம்பாமல் திரையில் இருந்ததையே லாக்கில், அதாவது தொடர்புகளைக் குறிக்கும் பதிவேட்டில், எழுதியிருப்பார்கள். நானோ கேட்கவே போகவில்லை. தான்சானியா இன்றுவரை என் லாக்கில் இல்லை.

மோர்ஸ் கற்றுக்கொண்டிருந்தால் இன்றிரவே ஒன்று செய்து பாருங்கள். ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க் என்று ஒன்று 2008 முதல் இயங்குகிறது. உலகின் பல மூலைகளில் தன்னார்வலர்கள் வைத்திருக்கும் ரிசீவர்கள், மோர்ஸில் 'சிக்யூ' (யாராவது பேசுங்கள்) என்று அழைப்பவர்களைத் தாமாகவே கேட்டு, சிக்னல் எத்தனை டெசிபல், நிமிடத்துக்கு எத்தனை சொல் வேகம் என்றுகூட எழுதிவைக்கின்றன. 14 மெகாஹெர்ட்ஸில் காலி இடம் பார்த்து, உங்கள் கால் சைனோடு இரண்டு மூன்று தடவை சிக்யூ அடியுங்கள். யாரும் பதில் சொல்லாமல் போகலாம். பிறகு அந்த நெட்வொர்க்கின் இணையதளத்தில் உங்கள் கால் சைனைத் தேடுங்கள். எந்த ஊர்களில் கேட்டது என்று எனக்கும் எழுதுங்கள். ஆன்டெனா எந்த உயரத்தில் கட்டியிருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து.