மூன்று உருப்படி போதும்: சேலத்தில் பேண்டம் கோழி தொடங்குபவருக்கு

"சேலத்தில் மாடி வீடு, ஏற்காட்டில் சித்தப்பாவுக்குக் காப்பித் தோட்டம். பேண்டம் கோழி வளர்த்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோக ஆசை. பத்து ரகம் பார்த்து வைத்திருக்கிறேன், எதில் தொடங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பத்து ரகம் என்ற இடத்திலேயே குறுக்கிடுகிறேன். ஒரு ரகம், அதிலும் ஒரே நிறம், ஒரு சேவல் இரண்டு பெட்டை. முதல் ஆண்டுக்கு இது போதும். ரகத்துக்கு ஒரு ஜோடி வாங்கி எல்லாவற்றையும் ஒரே கூண்டில் விட்டவர்களிடம் இரண்டாம் ஆண்டு இருப்பது கலப்புக் கோழிதான். அழகாக இருக்கும், முட்டையும் வைக்கும், ஆனால் கண்காட்சிக் கூண்டில் அதற்கு இடமில்லை.

பேண்டம் என்றால் "சின்னக் கோழி" என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். ஜாவா தீவின் பாந்தன் துறைமுகத்தின் பெயர்தான் இப்படி மருவியது. சில ரகங்களில் பெரிய வடிவமே கிடையாது; ஜப்பானிய பேண்டம், செப்ரைட், மலேசியாவின் செரமா அப்படிப்பட்டவை. மற்றவை பெரிய இனத்தைச் சிறிதாக்கியவை. நம் நாட்டுக்கோழி வகையான சிறுவிடையும் சின்னக் கோழிதான், ஆனால் அது பேண்டம் ஆகாது. அதைக் குறைத்துச் சொல்வதாக யாரும் சண்டைக்கு வரவேண்டாம். பேண்டம் முட்டைகளுக்கு அடை வைக்கச் சிறுவிடையைப் போல நம்பகமான தாய் கிடையாது. ஒரு சிறுவிடைப் பெட்டையையும் சேர்த்தே வாங்குங்கள்.

எந்த ரகம் என்று கேட்டால், புதியவருக்குக் கொச்சின் பேண்டம். சாது, பறக்காது, மாடிக்கு ஏற்றது, தானே நன்றாக அடையும் இருக்கும். பட்டுப் பஞ்சு போன்ற இறகுள்ள சில்கி அடுத்து, அதற்கு மேரக்ஸ் வாதம் (கால், இறக்கையை முடக்கும் வைரஸ் நோய்) எளிதில் வரும் என்பதையும், ஆணா பெண்ணா என்று நாலைந்து மாதம் வரை உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். செப்ரைட்டை முதலில் தொடாதீர்கள். அதன் சேவலுக்கும் பெட்டையின் இறகமைப்புதான். கருத்தரிப்பு பல நேரம் குறைவாக இருக்கும், கூமுட்டை எண்ணியே மனசு விட்டுப்போகும். ஜப்பானிய பேண்டமும் செரமாவும் இரண்டாம் கட்டத்துக்கு.

குஞ்சாக வாங்காதீர்கள். ஆறு மாதம் தாண்டிய உருப்படியைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். சில்கி என்றால் காலில் ஐந்து விரல் எண்ணுங்கள், ஐந்தாவது மேல்நோக்கித் தனியாக நிற்க வேண்டும். இறகை ஊதிப் பார்த்தால் தோல் கருமையாக இருக்க வேண்டும். ரம்பம் போல ஒற்றைக் கொண்டை இருந்தால் அது கலப்பு. கொச்சினுக்குக் கொண்டை ஒற்றையாக, ஐந்து முனையோடு, வளையாமல் நிற்கணும். கால் இறகு நடுவிரல் வரை இறங்கணும். அமெரிக்க அளவுகோலில் கொச்சின் பேண்டம் சேவல் சுமார் 900 கிராம், பெட்டை சுமார் 800 கிராம். ஒன்றரைக் கிலோ சேவலை "ஜம்போ பேண்டம்" என்று விற்பார்கள். அப்படி ஒரு வகுப்பு கிடையாது. வளைந்த அலகு, கோணல் வால், வளைந்த நெஞ்செலும்பு இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். இனப்பெருக்கத்தில் குறைதான் முதலில் இறங்கும்.

இனி இணை சேர்ப்பது. விற்பவர்கள் வாய் திறக்காத விஷயம் இங்கேதான் அதிகம். ஜப்பானிய பேண்டத்தின் குட்டைக் காலுக்குக் காரணமான மரபணு இரட்டையாகச் சேர்ந்தால் கரு ஓட்டுக்குள்ளேயே செத்துவிடும். குட்டைக்கும் குட்டைக்கும் இணை போட்டால் கணக்குப்படி நாலில் ஒரு பங்கு முட்டை வீண், இரண்டு பங்கு குட்டைக்கால், ஒரு பங்கு நெட்டைக்கால். அதனால் அந்த நெட்டைக்காலை ஒதுக்காமல், கண்காட்சிக் குட்டைக்காலோடு இணை சேருங்கள். பாதிக்குப் பாதி குட்டை கிடைக்கும், இந்தக் காரணத்தால் ஒரு முட்டையும் சாகாது. சுருள் இறகுக் கொச்சினுக்கும் அப்படித்தான். சுருளோடு சுருள் சேர்த்தால் நாலில் ஒன்று ஒடிந்து உதிரும் இறகோடு, பாதி மொட்டையாகப் பிறந்து குளிரிலும் வெயிலிலும் அவதிப்படும். சுருளோடு சாதா இறகு சேர்ப்பதே முறை. நீல நிறத்தை நீலத்தோடு சேர்த்தால் பாதிதான் நீலம். கறுப்பையும், வெள்ளையில் நீலத் தெறிப்பு உள்ளதையும் சேர்த்தால் அத்தனை குஞ்சும் நீலம்.

புதுச் சேவலை விட்டால், பழைய சேவலைப் பிரித்து மூன்று வாரம் கழித்து வரும் முட்டையைத்தான் அடைக்கு வையுங்கள். பெட்டையின் உடம்பில் விந்து இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும். கொச்சின், சில்கி போன்ற பஞ்சு இறகுக் கோழிகளுக்குப் பின்புறத் துவாரத்தைச் சுற்றி இறகைக் கத்தரித்துவிடுங்கள். சேவல் மலடு என்று திட்டப்படும் பாதி இடங்களில் குற்றவாளி அந்த இறகுதான். கண்காட்சிக்குப் போகும் உருப்படிக்கு மட்டும் வெட்டக் கூடாது. ஒவ்வொரு குஞ்சுக்கும் கால் வளையம், ஒரு நோட்டில் தாய், தகப்பன், பொரித்த தேதி. வளர வளர வளையம் மாற்றவேண்டும்; மறந்தால் சதைக்குள் இறங்கிவிடும்.

முட்டை வைப்பதில் சேலமும் ஏற்காடும் இரண்டு உலகம். பங்குனி, சித்திரையில் சேலத்து மொட்டை மாடியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். முட்டைக்குள் கரு சுமார் 25 டிகிரிக்கு மேலேயே அரைகுறையாக வளரத் தொடங்கிவிடும். ஒரு வாரம் கூடையில் சேர்த்துவைத்து அடை வைத்தால் பாதி முன்பே செத்திருக்கும். அந்த மாதங்களில் நாளைக்கு மூன்று முறை முட்டை எடுங்கள், வீட்டின் குளிர்ச்சியான மூலையில் கூர்முனை கீழாக வையுங்கள், மூன்று நாளுக்குள் அடை வைத்துவிடுங்கள். சேவலுக்கும் அந்த வெயிலில் கருத்தரிக்கும் திறன் குறையும். முடிந்தால் அந்த இரண்டு மாதம் அடை வைக்காமல் விட்டுவிடுவதே நல்லது.

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் ஓட்டின் வழியாக ஈரம் வேகமாக வெளியேறும், கருவுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. சேலத்து முட்டையை மலையில் கொண்டுபோய் வைத்தால் பொரிப்பு குறைகிறது என்பவர்களுக்கு இதுதான் காரணம். பேருந்தில் குலுங்கிய முட்டை வேறு. கொண்டுபோனவுடன் வைக்காமல், அகன்ற முனை மேலாக 12 மணி நேரமாவது அசையாமல் வைத்துவிட்டுப் பிறகு அடை வையுங்கள்.

இன்குபேட்டரில் மின்விசிறி இருந்தால் 37.5 டிகிரி. ஈரப்பதம் முதல் 18 நாள் 45 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65க்கு மேல். 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்துங்கள். பேண்டம் பலவும் 19, 20ஆம் நாளே பொரிக்கும், செரமா அதற்கும் முன்பே. ஆகவே சின்ன ரகங்களுக்கு ஒரு நாள் முன்னதாகவே நிறுத்தலாம். ஈரமானியை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள். பத்து முட்டை 300 கிராம் என்றால் 18ஆம் நாள் 261 முதல் 267 கிராமுக்குள் வந்திருக்க வேண்டும். அதற்கு மேல் எடை நின்றால் ஈரம் அதிகம். குஞ்சு வீங்கி ஓட்டுக்குள்ளேயே மூச்சுமுட்டும். எடை அதற்கும் கீழே போனால் சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். மலையில் நீர்த்தட்டு எவ்வளவு, சேலத்தில் எவ்வளவு என்பதை இந்த எடைதான் சொல்லும். 7ஆம் நாளும் 14ஆம் நாளும் டார்ச் வைத்துப் பார்த்துக் கூமுட்டையை எடுத்துவிடுங்கள்.

குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். பல்பின் கீழ் குவிந்தால் குளிர்கிறது, ஓரத்தில் வாய் பிளந்தால் சுடுகிறது. சேலத்துச் சித்திரையில் பகலில் பல்பே வேண்டாம். ஏற்காட்டில் மார்கழி இரவு 13 டிகிரிக்கு இறங்கும், ஆறு வாரம் வரை சூடு தேவைப்படும். தரையில் செய்தித்தாள் விரிக்காதீர்கள், கால் வழுக்கி இரண்டு பக்கமும் விரிந்துவிடும். உமி போட்டு, முதல் மூன்று நாள் மேலே பழைய துணி. தண்ணீர்த் தட்டில் கோலிகுண்டு போடுங்கள். பேண்டம் குஞ்சு ஒரு விரல் ஆழத்தில்கூட மூழ்கிச் சாகும். மலையில் மூடுபனியில் உமி ஈரமாகும், அங்கே ரத்தக்கழிச்சல் காத்திருக்கும். ஈர உமியைத் தினமும் அள்ளுங்கள். காப்பித் தோட்டத்தில் மரநாயும் கீரியும் உண்டு. கோழிவலை போதாது, அரை அங்குல வெல்டு கம்பிவலை, தரைக்குள் ஒரு அடி.

தீவனத்துக்குக் கவலை இல்லை, பக்கத்தில் நாமக்கல். எட்டு வாரம் வரை 20 சதவீதப் புரதமுள்ள குஞ்சுத் தீவனம், பிறகு வளர் தீவனம். முட்டைக் கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடாதீர்கள். அதிலுள்ள சுண்ணாம்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும். பெட்டைக்குக் கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். பெரிய பேண்டம் ஒன்று நாளுக்கு 50 கிராம் பக்கம்தான் தின்னும்.

தடுப்பூசி போட்டால் இயற்கை கெட்டுவிடும் என்று கீழே எழுத வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளைக்கழிச்சல் வந்த கூண்டில் மூன்று நாளில் ஒன்றும் மிஞ்சாது. மஞ்சளும் சின்ன வெங்காயமும் அதைத் தடுக்காது. 7ஆம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா தடுப்பு மருந்து ஒரு சொட்டு கண்ணில், 28ஆம் நாள் மறுபடி, 8ஆம் வாரம் இறக்கைத் தோலடியில் அரை மில்லி ஊசி, இடையில் அம்மைக்கு ஒன்று. அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். குப்பியை ஐஸ் இல்லாமல் கொண்டுவந்தால் போட்டும் பயனில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லியே ஆகவேண்டும். கோயில் திருவிழாக்களில் பச்சை, ரோஸ், நீலம் என்று சாயம் முக்கி விற்கும் கலர் குஞ்சு. முட்டை இனப் பொரிப்பகம் வேண்டாம் என்று தள்ளிய ஆண் குஞ்சுகள் அவை. சூடில்லாமல், தண்ணீரில்லாமல் கூடையில் அடைத்துக் குழந்தையின் கையில் கொடுக்கிறார்கள், இரண்டு நாளில் சாகிறது. பிழைத்த ஒன்றைப் பாவம் பார்த்துப் பேண்டம் கூண்டில் விடுகிறோம், நோய் உள்ளே வருகிறது. இதைத் தடுக்க ஒருவரும் இல்லை என்பது நெஞ்சை அறுக்கிறது. தயவுசெய்து உங்கள் வீட்டுக் குழந்தைக்கு வாங்கித் தராதீர்கள்.

கண்காட்சிக்கு வருவோம். நம் பக்கம் கண்காட்சி என்றாலே கிளிமூக்கு, விசிறிவால் சேவல்கள்தான். பேண்டத்துக்குத் தனி வகுப்பு உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். தேதியிலிருந்து ஏழு மாதம் பின்னால் எண்ணி முட்டை வையுங்கள், இறகு முழுசாக நிற்கும். பொரித்த இருபதில் கண்காட்சித் தரம் இரண்டு மூன்று தேறினாலே பெரிய விஷயம். மற்றதைக் கழிப்பது என்றால் அறுப்பது என்று பொருள் இல்லை. இணை சேர்க்காமல், வளையமில்லாமல், வீட்டுக் கோழியாக வளர்ப்பவருக்குக் கொடுத்துவிடுவது.

இரண்டு வாரம் முன்பே ஒன்றரை அடிச் சதுரக் கூண்டில் பழக்குங்கள். காலையும் மாலையும் தலை முன்னால் வரும்படி வெளியே எடுத்து, இறக்கையை விரித்துப் பார்த்து, அதே மாதிரி உள்ளே விட்டு, இரண்டு கரையான் கொடுங்கள். மிரளும் கோழியின் வடிவத்தை நடுவரால் பார்க்கவே முடியாது. குளிப்பாட்டுவது மூன்று நாள் முன்பு, இறகின் எண்ணெய் திரும்ப அந்த அவகாசம் வேண்டும். மூன்று பேசின்: வெதுவெதுப்பான நீரில் குழந்தை ஷாம்பு, அடுத்ததில் அலசல், மூன்றாவதில் ஒரு மூடி வினிகர் கலந்த நீர். ஷாம்பு மிச்சமிருந்தால் இறகு பிசுபிசுக்கும். துண்டில் ஒற்றி, ஹேர் ட்ரையரைக் குறைந்த சூட்டில் இறகு போகும் திசையிலேயே காட்டுங்கள். கால் செதிலைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். கொண்டைக்கும் தாடிக்கும் வாசலின் துளி. இறகைப் பிடுங்குவதும் சாயம் பூசுவதும் மோசடி, தகுதி போய்விடும்.

திரும்பி வந்த கோழியை நேராகப் பழைய கூண்டில் விடாதீர்கள். 21 நாளாவது, முடிந்தால் 30 நாள், வேறு மாடியிலோ வீட்டின் மறுபக்கத்திலோ தனியாக வையுங்கள். தீவனம் வைக்கும்போது வீட்டுக் கோழிகளைக் கவனித்துவிட்டு, கடைசியாக இதனிடம் போங்கள். போட்டுப்போன செருப்பையும் அங்கேயே விடுங்கள்.