'அன்சக்சஸ்ஃபுல்' என்றால் ஃபெயில் என்று அர்த்தமா?

கேள்வி: ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். என் விண்ணப்பம் 'அன்சக்சஸ்ஃபுல்' என்று பதில் வந்திருக்கிறது. நான் ஃபெயில் ஆகிவிட்டேனா? இந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: இல்லை, நீங்கள் ஃபெயில் ஆகவில்லை. இந்த முறை தேர்வாகவில்லை, அவ்வளவுதான். 'ஃபெயில்' என்றால் வைத்த அளவை எட்டவில்லை என்று பொருள். 'அன்சக்சஸ்ஃபுல்' என்றால் முயன்றது கைகூடவில்லை என்று பொருள். ஓர் இடத்துக்கு 100 பேர் போட்டியிட்டால், முழுத் தகுதி உள்ளவர்கள் உட்பட 99 பேருக்கும் இதே சொல்தான் போகும். அதனால் இதை எப்போதும் 'தோல்வியுற்ற' என்று பெயர்க்காதீர்கள். இடத்தைப் பொறுத்து 'கைகூடாத', 'பலன் தராத', 'தேர்வாகாத' என்பவை இன்னும் நெருக்கமாக வரும்.

'சக்சஸ்' என்ற சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் 'பின்னால் வருவது' என்று பொருள். 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது வெறும் 'விளைவு'தான். நல்ல சக்சஸும் உண்டு, கெட்ட சக்சஸும் உண்டு. ஒருவருக்குப் பின் பதவிக்கு வருபவரை இன்றும் 'சக்சஸர்' என்கிறோமே, அதில் அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது.

சரி, பயன்பாட்டுக்கு வருவோம். பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 'ஐ வாஸ் அன்சக்சஸ்ஃபுல் டு ஃபைண்ட் எ ஜாப்' என்பது பிழை. 'இன் ஃபைண்டிங் எ ஜாப்' என்று 'இன்' போட்டு எழுத வேண்டும். 'டு' வேண்டுமென்றால் 'ஃபெயில்ட் டு ஃபைண்ட்' என்று வினையையே மாற்றிவிடுங்கள்.

முயற்சி, தேடல், விண்ணப்பம் போன்றவற்றுக்கு முன்னால் இந்தச் சொல் இயல்பாகப் பொருந்தும். 'அன்சக்சஸ்ஃபுல் கேண்டிடேட்' என்பது அந்த ஒரு தேர்வைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஆனால் 'அன்சக்சஸ்ஃபுல் ஆக்டர்' என்று எழுதினால் ஒருவருடைய தொழில் வாழ்க்கை முழுவதையும் எடைபோட்டதாகிவிடும். ஆளைக் குறித்து எழுதும்போது நான் இதைக் கூடியவரை தவிர்ப்பேன்.

எழுத்துக்கூட்டலில் நடுவே இரண்டு 'சி', அடுத்து இரண்டு 'எஸ்', கடைசியில் ஒரே 'எல்'. 'அன்சக்சஸ்ஃபுல்லி' ஆகும்போது மட்டும் 'எல்' இரண்டாகும்.

அப்புறம், அதே நிறுவனத்துக்கு மறுபடி எழுதினால் 'ஐ ஃபெயில்ட்' என்று எழுதாதீர்கள். 'மை எர்லியர் அப்ளிகேஷன் வாஸ் அன்சக்சஸ்ஃபுல்' என்றே எழுதுங்கள். நடந்ததும் அதுதானே.